எட்டாவது தம்ளர்

மதினி,

இன்றைக்கு உப்பளத்தில் ஈர சிமெண்டு வாசனை. அந்த இடத்தில் அப்படியொரு வாசனையை நீயும் நானும் கண்டதே இல்லை. கரிப்புக் காற்று, காய்கிற சேறு, வெயில் ஏறினால் நம் வேர்வை, இவ்வளவுதான் அங்கே மூக்குக்குக் கிடைக்கும். வண்டியை விட்டு இறங்கியதும் எல்லாரும் உப்பு அம்பாரத்துப் பக்கம் போனார்கள். நான் மட்டும் வாசனையைப் பிடித்துக்கொண்டே போனேன். காவல் கொட்டகைக்குப் பின்னால் ரெண்டு கதவு, நீல பெயிண்டு அடித்து. ஒன்றில் பொம்பளைப் படம். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. சும்மா நின்றேன். அந்தப் பொட்டல் வெளியில் யார் கண்ணிலும் படாமல் நான் நின்றது ஆயுசிலேயே அதுதான் முதல் தடவை. சுவரில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது. அழுதுவிட்டேன்.

வெளியே கதவைத் தட்டினார்கள். "ஏ ரேடியோ, உள்ள என்ன குடித்தனமா நடத்துற? மத்தவளும் போக வேணாமா?"

இதை நான் சொல்லச் சொல்ல உன் மகள் ஈஸ்வரிதான் எழுதுகிறாள். எனக்கு எழுத்து ஏது? என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக்கி எழுதிவிட்டுத் திரும்பப் படித்துக் காட்டுகிறாள். யாரோ படித்த பொம்பளை பேசுகிற மாதிரி இருக்கிறது. "இது எங்க மதினிக்கு வெளங்குமாடி?" என்று கேட்டேன். "நீங்க முனங்குனாலே அம்மாவுக்கு வெளங்கும் அத்தை, சொல்லுங்க" என்கிறாள்.

எங்கே தொடங்க? வாய் நனைப்பதில் இருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊர்க் கண்மாய் பெருகி வயல் விளைந்திருந்தால் நாம் ஏன் வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்கு வண்டி ஏறுகிறோம்? மழை பொய்த்த ஒரு வருஷம், நாலு மாசம் மட்டும் என்று போனோம். அந்த நாலு மாசம் இன்னும் முடியவில்லை. முதல் நாள் விவரம் தெரியாமல் நீ ரெண்டு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டாய். வெயில் உச்சிக்கு வருவதற்குள் உனக்கு அடிவயிறு முட்டிக்கொண்டது. எங்கே பார்த்தாலும் பாத்தி, வரப்பு, வெள்ளை. மறைவுக்கு ஒரு கருவேலஞ்செடி கிடையாது. நான் சேலையை விரித்துப் பிடித்தேன், நீ உட்கார்ந்தாய், காற்று வந்து சேலையைத் தூக்கிவிட்டது. தூரத்தில் உப்பு வாருகிற ஆம்பிளைகள் சிரித்தார்கள். நீ பாதியிலேயே எழுந்துவிட்டாய். 

மறுநாளில் இருந்து மற்றவர்கள் செய்வதைப் பார்த்து நாமும் கற்றுக்கொண்டோம். ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வாங்குவது. விழுங்குவது இல்லை. தலையில் உப்புக் கூடையோடு அம்பாரம் வரைக்கும் அப்படியே வைத்திருப்பது. கூடையைக் கொட்டிவிட்டுத் தண்ணீரைத் துப்புவது. தொண்டை வறண்டால் மட்டும், ஒரு கூடைக்கு ஒரு வாய். நான் பேசாமல் இருந்தது எல்லாம் அந்தத் தண்ணீர் வாயில் இருந்த நேரம்தான். அதற்காகவே நீ சொல்வாய், "ரேடியோவுக்கு இன்னொரு மடக்குக் குடுங்கடி, காது கொஞ்சம் ஆறட்டும்."

காலையில் நீ கொண்டுபோன பச்சைக் குடம் சாயங்காலம் அப்படியே தளும்பிக்கொண்டு வீட்டுக்கு வரும். கொட்ட மாட்டாய். "தண்ணியக் கீழ ஊத்துனா அடுத்த பிறவியிலயும் ராம்நாட்டுலதான் பொறக்கணும்" என்பாய். அது ஆட்டுக்குப் போகும். நம் வீட்டு ஆடுகள்தான் மதினி ஒழுங்காகத் தண்ணீர் குடித்தன. அந்தக் கொம்பு ஒடிந்த கிடாய் ஞாபகம் இருக்கிறதா? வண்டிச் சத்தம் கேட்டாலே தெருமுனைக்கு ஓடி வந்து நிற்கும். நம்மைத் தேடி வருகிறது என்று நான் உருகுவேன். "குடத்தத் தேடி வருதுத்தா, உன் மூஞ்சிக்கா வருது?" என்பாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவாடானையில் உன் தங்கச்சி மகளுக்குக் காது குத்துக்குப் போனோமே. மண்டபத்துக்குள் நுழைந்ததும் சாமியைக் கேட்கவில்லை, பந்தியைக் கேட்கவில்லை, "கக்கூசு எங்கன இருக்கு?" என்று கேட்டாய். இருக்கிறது என்றதும் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டாய். செம்பு செம்பாகக் குடித்தாய். உன் தங்கச்சி கேட்டாள், "அக்கா, சோறு வேணாமா?" நீ சொன்னாய், "சோறு ஊர்ல இருக்குடி." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஈஸ்வரி மதுரையில் படித்து முடித்து, பிறகு வடக்கே பெரிய ஊருக்குப் போய் என்னவோ பப்ளிக் பாலிசி என்று சேர்ந்தாள். ஊரில் எல்லாரும் அது என்ன படிப்பு என்று உன்னைத்தான் கேட்பார்கள். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வாய், "கவருமெண்டு சனங்களுக்கு எதச் செய்யணும், எப்படிச் செய்யணும்னு படிக்கிறாத்தா." என் அண்ணன், உன் வீட்டுக்காரர், கயிற்றுக் கட்டிலில் இருந்து குரல் கொடுப்பார், "அத கவருமெண்டுல படிக்கணும். இவ எதுக்குப் படிக்கிறா?"

ரெண்டாவது வருஷம் அவள் பரீட்சைக்காக ஒரு ஆய்வு செய்ய வேண்டும் என்று ஊருக்கு வந்தாள். நம் அளத்திலேயே செய்யப் போகிறேன் என்றாள். மேனேஜர் ஒத்துக்கொண்டார். முடிந்ததும் ஒரு பிரதி ஆபீசுக்குத் தர வேண்டும், அது ஒன்றுதான் கேட்டார். உனக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான். அந்தப் பெருமையில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஆய்வுக்கு முந்தின நாள், வேலை முடிந்து வண்டியில் வரும்போது, நான் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எல்லாரும் கேளுங்கடி. நாளைக்குப் பிள்ளைக்குப் பரீட்சை. அது நம்ம வாயிலதான் இருக்கு. ஏறுக்கு மாறாச் சொன்னா மார்க்கக் கொறச்சுப்புடுவாக."

"என்ன கேப்பாளாம்?"

"எம்புட்டுத் தண்ணி குடிக்கிறீக, ஒதுங்க எடம் இருக்கா, நீர்க்கடுப்பு வருதான்னு."

"அய்ய! அதையெல்லாமா பரீட்சையில கேப்பாக?"

"காலையில டிவியில டாக்டர் சொன்னாரு, ஒரு ஆளு நாளைக்கு எட்டுத் தம்ளர் குடிக்கணும்னு. அதான் சரியான விடை. எங்க, சொல்லுங்க பாப்போம். எத்தன தம்ளர்?"

"எட்டு!"

"ஒதுங்க எடம்?"

"கொறையொண்ணும் இல்ல!"

டிரைவர் திரும்பிப் பார்த்தான். "ஏத்தா, இது லோடு வண்டியா, பள்ளிக்கூட வேனா?" ஒரே கும்மாளம். நீ மட்டும் சிரிக்காமல் என் சேலையைப் பிடித்து இழுத்தாய். "பெத்த பிள்ளைகிட்ட எப்படித்தா பொய் சொல்ல?"

நான் சொன்னேன், "பொய்யில்ல மதினி. விடை."

மறுநாள் ஈஸ்வரி அம்பாரத்து நிழலில் குடையை விரித்து உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாகப் போனோம். எல்லாரும் எட்டு. கடைசியாக நீ. காலில் ஒட்டிய உப்பைப் பார்த்துக்கொண்டே "எட்டு" என்றாய். அவள் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதியது. வெயிலில் பிள்ளைக்குக் கை அசந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நல்ல மார்க்கு வந்தது. வகுப்பில் எல்லாரும் கை தட்டினார்களாம். நீ கடலை மிட்டாய் வாங்கி வந்து அளம் முழுக்கக் கொடுத்தாய். எனக்கு மட்டும் ரெண்டு. "வாத்தியாரம்மாவுக்கு" என்றாய். அதைத் தின்ற என் வாயில் மண்ணைப் போட என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு இனித்தது.

அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கண்ணாடிச் சுவர் வைத்த ஏசி ஆபீஸ். அடுத்த வருஷம் உனக்குக் கால் வீங்கத் தொடங்கியது. செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு வண்டி ஏறுவாய். முகமும் காலையில் ஊதிப்போய் இருக்கும். "பிள்ளைக்குச் சொல்லுவோம்" என்றால், "வேலைக்குச் சேந்து வருசங்கூட ஆகல, லீவு கேட்டா என்ன நெனப்பாக" என்று என் வாயை அடைத்துவிடுவாய். மயங்கிப் பாத்தியிலேயே விழுந்த அன்றைக்குத்தான் அவளுக்குப் போன் போனது.

ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தோம். டாக்டரம்மா நல்ல மாதிரி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?"

உன் தலைமாட்டில் ஈஸ்வரி நின்றாள். கால்மாட்டில் நான். நீ அவளை ஒரு தரம் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "எட்டுத் தம்ளர்" என்றாய்.

நான் வாயைத் திறந்தேன் மதினி. சத்தியமாகத் திறந்தேன். நீ கண்ணாலேயே வேண்டாம் என்றாய். ஊரில் கோழி செத்தால்கூட ஒரு மணி நேரம் பேசுகிற ரேடியோ, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது.

ரெண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். நீர்க்கடுப்பு வந்து வந்து, பார்க்காமல் விட்டு, வெயிலில் வெந்து, இன்னும் என்னென்னவோ காரணம் இருக்கலாம், இதனால்தான் என்று ஒன்றைக் கை காட்ட முடியாது என்றார்கள். வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் மிஷினில் படுக்க வேண்டும். அதோடு இன்னொரு கட்டளை: தண்ணீர் அளந்துதான். நாள் முழுக்கச் சேர்த்து ஒரு சின்ன பாட்டில். உன் கட்டிலுக்கு நாலு எட்டில் கக்கூஸ், ஓடுகிற குழாயோடு. நீ அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். ஒரு நாள் சிரித்தாய். "பாத்தியாத்தா? தண்ணி இருந்த எடத்துல கக்கூசு இல்ல. கக்கூசு இருக்கிற எடத்துல தண்ணி இல்ல."

பங்குனி வெயிலில் நீ போனாய். அதற்கு முந்தின நாள், "வாய நனச்சுக்கிறேன்" என்று கேட்டாய். துணியை நனைத்து உதட்டில் பிழிந்தேன். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாய். துப்பவும் இல்லை, விழுங்கினாயா என்றும் எனக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்து ஈஸ்வரி சென்னைக்குப் போனாள். நாற்பது நாள்கூட ஆகவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். வேலையை விட்டாச்சாம். தொழிலாளிகளின் உடம்புக்காகப் பேசுகிற ஒரு சின்ன அமைப்பில் சேர்ந்திருக்கிறாளாம். அண்ணன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "உங்காத்தா உப்புச் சொமந்தது நீ குளு குளுன்னு உக்காரணும்னுதான்."  அவள் அவர் தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள்.

மறுநாளே எங்களோடு வண்டி ஏறினாள். அம்பாரத்துப் பக்கம் எங்களை உட்கார வைத்து, "அத்தை, சித்தி எல்லாரும் சொல்லுங்க, எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டாள். பாவிமக்கள், பழக்கதோஷத்தில் ஒரே குரலில் கத்தினார்கள்: "எட்டு!"

 அவள் நோட்டை மூடினாள். "சரி. இனிமே உங்களக் கேக்கல. குடத்தக் கேக்குறேன்."

அடுத்த நாள் கைப்பையில் இருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்தாள். காலையில் ஒவ்வொரு குடத்திலும் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் ஒரு கோடு. சாயங்காலம் வண்டி ஏறும்போது இன்னொரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது. பல நாள் அப்படிக் கோடு போட்டாள், போனில் படம் பிடித்தாள். உன் பச்சைக் குடத்தை இப்போது நான்தான் கொண்டுபோகிறேன். அதிலும் கோடு விழுந்தது. அவள் அந்தக் குடத்தை மட்டும் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள்.

அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தாய் செத்த பிள்ளையிடம், உன் தாயைப் பொய் பேச வைத்தவள் நான்தான் என்று எப்படிச் சொல்வது?

ஒரு திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போனோம். தண்ணீரும் கக்கூஸும் வேண்டும் என்று மனு. பெரிய அறை, சுற்றிலும் ஜனம். எங்கள் முறை வந்தபோது அளத்து மேனேஜரும் வந்திருந்தார். கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு நீலக் காகித உறையைத் திறந்தார். "இது இந்தப் பொண்ணே எழுதுனது சார்" என்று மேசையில் வைத்தார். அன்றைக்கு அவள் கொடுத்துவிட்டுப் போன பிரதி. தொழிலாளர்கள் எட்டுத் தம்ளர் தண்ணீர் குடிக்கிறார்கள், ஒதுங்க வசதிக் குறைவு என்று எவரும் சொல்லவில்லை. அதிகாரி அதைச் சத்தமாக வாசித்தார்.

"நீங்க எழுதுனதாம்மா?"

"ஆமா சார்."

"அப்ப எது உண்மை? இதா, அதா?"

ஈஸ்வரி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பொய் என்று சொன்னால், பொய் சொன்னது யார் என்று சொல்ல வேண்டும். செத்துப்போன உன்னை அந்த அறையில் பொய்க்காரி ஆக்க அவளுக்கு மனசு வரவில்லை.  ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்திருக்கிறவள் மாதிரி நின்றாள்.

நான் எழுந்தேன். 

"அய்யா, அந்த எட்டு என்னோடது."

"என்னம்மா?"

"எட்டுன்னு சொல்லுங்கன்னு நாந்தான் எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்தேன். வண்டியில வச்சு. பிள்ளைக்கு மார்க்கு வரணும்னு. நாங்க குடிக்கிறதே இல்லய்யா. வாய நனச்சுத் துப்பிருவோம். குடிச்சா ஒண்ணுக்கு வரும். வந்தா எங்கன போக?"

பின்னால் ஒருத்தன் சிரித்தான். திரும்பினேன். "சிரிக்காதீக தம்பி. உங்க ஆத்தாளும் அடக்கிக்கிட்டுத்தான் நின்னுருப்பா." 

"எங்க மதினி கிட்னி போயித்தான் செத்தா. இதனாலதான்னு டாக்டரம்மா அடிச்சுச் சொல்லல, நானும் சொல்லல. ஆனா டாக்டரம்மா கேட்டப்பவும் அவ எட்டுன்னுதான் சொன்னா. பிள்ளை பக்கத்துல நிக்கிதேன்னு. என் பொய்ய வாயில வச்சுக்கிட்டே போயிட்டாய்யா."

அதிகாரி நீலக் காகித உறையை மூடி மேனேஜர் பக்கம் நகர்த்தினார். மனுவை எடுத்து வைத்துக்கொண்டார். நேரில் வந்து பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

வெளியே டீக்கடையில் ஈஸ்வரி தம்ளரைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். டீயில் ஆடை படிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "அடிக்கிறதுன்னா அடிடி. இப்படி இருக்காத."

"எனக்குத் தெரியும் அத்தை."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். எல்லாரும் எட்டு. ஒருத்தர்கூட ஏழு இல்ல, ஒம்பது இல்ல. அதை விடுங்க. பதினெட்டு வருசம் நான் அதே வீட்ல இருந்தவ. சாயங்காலம் குடம் நெறஞ்சு வாரதப் பாத்தவ. அந்தத் தண்ணிய ஆட்டுக்கு ஊத்துனதே நான்தான். அம்மா எட்டுன்னு சொன்னப்ப எனக்குப் பேனா நின்னுருச்சு." ஆறிய டீயைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள், "அப்புறம் எழுதிட்டேன். எனக்கும் மார்க்கு வேணும்ல அத்தை."

இந்த இடத்தில் எழுதுகிறவள் பேனாவை வைத்துவிட்டாள். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்திருக்கிறாள். "இதையும் எழுதணுமாடி?" என்றேன். "எழுதணும்" என்கிறாள். எழுதட்டும்.

ஆள் வந்து பார்த்து, அளந்து, கடிதம் போய், கடிதம் வந்து, இன்றைக்குத்தான் அந்த ரெண்டு கதவும் திறந்தன மதினி. நம் அளத்துக்கு மட்டும். பக்கத்து அளங்களில் இன்னும் சேலை மறைப்புத்தான். ஈஸ்வரி ஒவ்வொன்றாகப் போகிறாள், லீவு நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறாள். எங்கே போனாலும் பொம்பளைகள், படித்த பிள்ளை கேட்கிறதே என்று முகம் மலர்ந்து, "கொறையொண்ணும் இல்லத்தா" என்றுதான் தொடங்குகிறார்கள். அப்போது அவள் என்னைப் பார்ப்பாள். நான் உன் கதையைச் சொல்வேன். எத்தனையோ கதை தெரிந்தவள் நான், ஒன்றில் தொடங்கி ஒன்பதில் போய் நிற்பவள். இந்தக் கதையில் மட்டும் வழி மாறுவதே இல்லை.

இன்றைக்கு அந்தக் கதவுக்குள் இருந்து வெளியே வந்ததும் உன் பச்சைக் குடத்துப் பக்கம் உட்கார்ந்தேன். சிவப்புக் கோடு இன்னும் அழியவில்லை. ஒவ்வொரு தம்ளராகக் குடித்தேன். சாயங்காலத்துக்குள் ஏழு. தண்ணீர் கோட்டுக்கு வெகு கீழே இறங்கிவிட்டது. எட்டாவதை மொண்டேன். வாய் வரைக்கும் கொண்டுபோனேன், முடியவில்லை. உன் பங்கு என்று வரப்பில் ஊற்றிவிடலாமா என்று பார்த்தேன். உன் குரல் கேட்டது. நீ அடுத்த பிறவிக்கும் சேர்த்துத் திட்டுவாய்.

வாயில் வாங்கிக்கொண்டேன். கடைசிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பேசாமல், வரப்பிலே நடந்தேன். அம்பாரத்துக்குப் போய்க் கூடையைக் கொட்டினேன்.

துப்பவில்லை மதினி. விழுங்கிவிட்டேன்.